ஷெல்லி பீச்சில் முதல்முறை தலையை நனைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் கடைசி எட்டு வருடம், வானிலை இடம் கொடுத்தால், சனி ஞாயிறு காலை கடலுக்கடியில் மீன் பார்க்க ஸ்நார்க்கெலிங், ஸ்கூபா என்று ஷெல்லி பீச்சில்தான் கிடப்பேன். நான் பயிற்றுநர் இல்லை. தாமிரபரணியில் நீந்தப் பழகி, நாற்பது வயதில் கடலுக்குள் எட்டிப் பார்த்தவன், அவ்வளவுதான். நண்பர்களையும், அவர்களுடைய மச்சினன்களையும், ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அத்தைகளையும் கூட்டிப் போனதில் ஒன்று தெரிந்தது: எல்லாரும் கேட்பது அதே இருபத்துச் சொச்சம் கேள்விதான். எழுதி வைத்தால் வாய்க்கு ஓய்வு என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, ஷெல்லி பீச் எங்கே இருக்கு? கார் இல்லாம வர முடியுமா?

மேன்லியில். கார் இல்லாமல் வருவதுதான் சுகமும்கூட. ரயிலில் சர்க்குலர் கீ வந்து மேன்லி ஃபெர்ரியில் ஏறினால் அரை மணி நேரம். இறங்கி, கோர்சோ கடைத்தெரு வழியாக நேரே நடந்தால் எதிரே பெரிய கடற்கரை. அங்கே வலது பக்கம் திரும்பி, கடலை ஒட்டிப் போகும் மரைன் பரேட் நடைபாதையைப் பிடியுங்கள். பை, பிள்ளைகள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். பாதையோரத்தில் முழங்கை நீளத்துக்கு ஓணான் மாதிரி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வாட்டர் டிராகன் என்பார்கள். ஒன்றும் செய்யாது, சீண்டாமல் போங்கள்.

காரில் வருபவர்கள் ஸ்பிட் பாலம் எத்தனை மணிக்குப் படகுக்காகத் தூக்கப்படும் என்று பார்த்துக் கிளம்புங்கள். கடற்கரையை ஒட்டிக் கட்டண நிறுத்துமிடம் உண்டு. கோடை ஞாயிறு என்றால் காலையிலேயே நிரம்பிவிடும்.

சிட்னியில இவ்வளவு பீச் இருக்கும்போது ஏன் இதையே சொல்றீங்க?

இங்கே கடல் கிழக்குப் பக்கம். கடற்கரைகள் பெரும்பாலும் கிழக்கே பார்த்து, வரும் அலையை நெஞ்சில் வாங்கும். ஷெல்லியோ மேற்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. தெற்கிலிருந்து உருண்டு வரும் பேரலையை அதன் முதுகிலுள்ள பாறை முனை வாங்கிக்கொள்ளும். பக்கத்து மேன்லியில் ஆள் உயர அலையில் சர்ஃப் பலகைகள் பறக்கிற அன்றுகூட இங்கே குழந்தைகள் கரையோரம் வாளியில் தண்ணீர் மொண்டு விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இந்தக் குடாவின் பெயர் கேபேஜ் ட்ரீ பே. சுமார் 20 ஹெக்டேர். 2002 முதல் காப்பகம். தூண்டில் கூடாது, ஈட்டி கூடாது, பாறையில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கவும் கூடாது. இருபது வருடத்துக்கு மேலாக யாரும் பிடிக்காததால் மீனுக்கு மனிதனைக் கண்டால் பயம் விட்டுப்போயிற்று. இங்கே 160 வகைக்கு மேல் மீன் உண்டு என்கிறார்கள். நான் எண்ணவில்லை. ஆனால் முழங்கால் தண்ணீரில் தலையை விட்டாலே பத்து வகை எதிரே வரும்.

ஸ்நார்க்கெலிங், ஸ்கூபா ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்நார்க்கெலிங்கில் குப்புற மிதந்தபடி, வாயில் ஒரு குழாயை வைத்து மேல்காற்றை இழுத்துக்கொண்டு கீழே வேடிக்கை பார்ப்பீர்கள். சான்றிதழ் எதுவும் தேவையில்லை. ஸ்கூபாவில் முதுகில் காற்று உருளையோடு அடியிலேயே இருப்பீர்கள். அதற்குப் படிப்பு வேண்டும். இலங்கைத் தமிழர் சுழியோடுதல் என்ற நல்ல சொல்லை இன்னும் கைவிடவில்லை. எனக்கும் அதுதான் பிடிக்கும். இந்தக் குடாவில் இரண்டும் நடக்கும். முதலில் ஸ்நார்க்கெல், குறைந்தது ஐந்தாறு தடவை. ஸ்கூபா பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு நீச்சலே தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு இறங்கிடலாமா?

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இதனால் ஒன்றிரண்டு பேருக்கு என்மேல் வருத்தம்கூட உண்டு. ஜாக்கெட் மிதக்க வைக்கும், கரைக்குக் கொண்டுவந்து சேர்க்காது. வாயில் தண்ணீர் போனதும் நீச்சல் தெரியாதவர் முதலில் செய்வது மாஸ்க்கைப் பிடுங்கி எறிவது. அடுத்தது, பக்கத்தில் இருப்பவர் கழுத்தைப் பிடிப்பது.

நீச்சல்குளத்தில் நிற்காமல் 200 மீட்டர், எந்தப் பாணியிலாவது, வேகமே இல்லாமல் போக முடிந்தால் வாருங்கள். அதுவரை வழியிலேயே ஃபேரி பவர் என்று ஒரு முக்கோணக் கடல்குளம் இருக்கிறது. 1929-இல் பாறைமேல் கட்டியது, கடல் தண்ணீர்தான் நிரம்பும். மாஸ்க் போட்டு மூச்சுவிடப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. என் மனைவி மூன்று வாரம் அந்தக் குளத்தைத் தாண்டவில்லை. நாலாவது வாரம் என்னை முந்திக்கொண்டு கடலில் இறங்கினாள்.

என்னென்ன வாங்கணும்? நீச்சல் கண்ணாடி வீட்டுல இருக்கே, அது போதாதா?

போதாது. நீச்சல் கண்ணாடி கண்ணை மட்டும் மூடும். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடும். அது ஏன் முக்கியம் என்பது காதுவலிக் கேள்வியில் வரும். மாஸ்க், குழாய், காலில் மாட்டும் துடுப்பு, குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட். மொத்தம் இவ்வளவுதான்.

மாஸ்க்குக்கு மட்டும் காசு செலவழியுங்கள். கடையில் வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு அளவானது. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டருகே கொஞ்சம் கசியும். நான் மீசையைத் தியாகம் செய்யவில்லை. வாஸலின் தடவிக்கொள்கிறேன். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. துடுப்பையும் வெட்சூட்டையும் முதல் இரண்டு தடவை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

புது மாஸ்க்தான், ஆனா அஞ்சு நிமிஷத்துல பனிமூட்டம் மாதிரி ஆயிடுது. ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது கண்ணாடியின் உட்புறம் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பற்பசையை விரலில் தொட்டு உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நாலைந்து தடவை. அப்புறம் ஒவ்வொரு முறை இறங்குமுன் உள்ளே எச்சில் துப்பித் தடவி, கடல்தண்ணீரில் ஒரு அலசு. முகம் சுளிக்காதீர்கள். உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

முகம் பூரா மூடற மாஸ்க் விக்கிறாங்களே, அது ஈஸியா இருக்கும்போல?

பார்க்க வசதிதான். மூக்காலேயே மூச்சு விடலாம். ஆனால் உள்ளே இடம் பெரிது. மலிவானவற்றில் நாம் விட்ட மூச்சே திரும்ப உள்ளே வந்து கரியமில வாயு கூடலாம். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றுவதும் கடினம். மூக்கைப் பிடிக்க முடியாததால் கீழே முங்கவும் முடியாது. என்னோடு வருபவர்களை நான் அதைப் போட விடுவதில்லை.

நீச்சலுடை போடாம இறங்க முடியாதா? கூச்சமா இருக்கு.

தாராளமாக இறங்கலாம். கழுத்து முதல் கால்வரை மூடும் வெட்சூட்டைவிட அடக்கமான உடை என்ன இருக்கிறது? கோடையில் ராஷ் வெஸ்ட் என்ற முழுக்கை நீச்சல் மேல்சட்டையும் லெக்கிங்ஸும் போட்டு வருபவர்கள் நிறைய. வெயிலுக்கும் அதுதான் நல்லது, முதுகு வெந்துபோகாது. பருத்திச் சுடிதார், வேட்டி, துப்பட்டா மட்டும் வேண்டாம். நனைந்தால் பாரம், காலைச் சுற்றும்.

தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குமா? எந்த மாசம் வரலாம்?

நம் ஊர்க் கடலை நினைத்துக்கொண்டு வந்தால் அலறுவீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் 22, 23 டிகிரி. ஆகஸ்ட், செப்டம்பரில் 17 பக்கம் இறங்கும். கோடையில் 3 மி.மீ. வெட்சூட், குளிர்காலத்தில் 5 மி.மீ. முதல்முறைக்கு நான் சொல்வது பிப்ரவரி முதல் மே வரை. காற்றில் வெயில் குறைந்தாலும் தண்ணீர் இன்னும் சூடு ஆறாமல் இருக்கும்.

பலரும் ஏமாறுவது டிசம்பரில். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே காலை வைத்தால் ஐஸ். வடகிழக்குக் காற்று சில நாள் விடாமல் அடித்தால் மேல்தண்ணீர் கரையை விட்டு விலகி, அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வந்துவிடும். அதுதான் சங்கதி.

இன்னிக்கு இறங்கலாமா வேண்டாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

முந்தின நாள் இரவு காற்றைப் பாருங்கள். தெற்கு, மேற்குக் காற்று என்றால் குடா குளம் மாதிரி இருக்கும். வடகிழக்கு என்றால் யோசியுங்கள். குடாவின் வாய் திறந்திருப்பது அந்தப் பக்கம்தான். மேலே சொன்ன பாறை முனை அந்தக் காற்றையும் அலையையும் தடுக்காது. கோடையில் மத்தியானத்துக்குமேல் இந்தக் காற்று அநேகமாகத் தினமும் எழும். அதனால்தான் காலை ஏழு, எட்டு மணிக்கே வரச் சொல்கிறேன். அடுத்தது மழை. நல்ல மழை பெய்தால் தெருச்சாக்கடை எல்லாம் கடலுக்குத்தான் வரும். கனமழைக்குப் பின் திறந்த கடற்கரையில் ஒரு நாள், துறைமுகத்துக்குள் மூன்று நாள் இறங்க வேண்டாம் என்பது அரசின் பீச்வாட்ச் சொல்லும் கணக்கு. நான் ஷெல்லிக்கே இரண்டு நாள் விடுவேன்.

வந்த பிறகு உடை மாற்றாமல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அலை ஒரே அளவில் வராது. சின்னதாக நிறைய வந்து, நடுவில் நாலைந்து பெரியதாக வரும். அந்தப் பெரியவை பாறையில் எவ்வளவு உயரம் ஏறுகின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். ஒரு ஜனவரியில், ஃபெர்ரிக் காசு கொடுத்து வந்தாயிற்றே என்று வடகிழக்குக் காற்றில் மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்கினேன். பாறையோரம் தண்ணீர் என்னை ஊசல் மாதிரி தூக்கிப் போய்த் தூக்கி வந்து, கடைசியில், உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்கும் கடல்முள்ளிக் கூட்டத்தின்மேல் உட்கார வைத்தது. தொடையில் பதினான்கு முள். எண்ணியது மருத்துவர். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, அடுத்த ஃபெர்ரியில் திரும்பியிருக்கிறேன்.

இங்கே உயிர்காப்பாளர் கொடி நட்டுக் காவல் இருப்பார் என்று நம்பி வராதீர்கள். அது மேன்லிக் கடற்கரையில்.

எங்கே இறங்கி எந்தப் பக்கம் போகணும்?

மணலில் நின்று கடலைப் பாருங்கள். இடது கைப்பக்கம் நீங்கள் நடந்து வந்த ஃபேரி பவர். வலது கைப்பக்கம் பாறை முனை. இறங்குவது நடுவில், மணலில். துடுப்பைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடக்காதீர்கள், விழுவீர்கள். இடுப்பளவு தண்ணீர்வரை கையில் எடுத்துப் போய், கூட வந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டுங்கள். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். மணலுக்கடியில் திருக்கை படுத்திருக்கலாம். சத்தம் கேட்டால் அது தானாக விலகிக்கொள்ளும்.

முதல்முறை வலப்பக்கப் பாறை ஓரமாகவே போங்கள். இரண்டு, மூன்று மீட்டர் ஆழம். ஒரு பக்கம் உருண்டைப் பாறையும் பாசியும், மறுபக்கம் வெறும் மணல். அந்த எல்லைக்கோட்டில்தான் நடமாட்டம் அதிகம். பாறைத் தொடரில் பாதி தூரம் போனதும் திரும்பிவிடுங்கள். முனையைச் சுற்றிப் போகவே போகாதீர்கள். குடாவின் பாதுகாப்பு அங்கே முடிந்தது. அந்தப் பக்கம் திறந்த கடல்.

தினமும் காலை ஏழு மணிக்கு மேன்லியிலிருந்து இளஞ்சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெருங்கூட்டம் இங்கே நீந்தி வந்து திரும்பிப் போகும். போல்ட் அண்ட் பியூட்டிஃபுல் என்று பெயர். அவர்கள் தடத்தில் குறுக்கே நிற்காமல் பாறையோரம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

என்ன மீன் பார்க்கலாம்? நீமோ இருக்குமா?

நீமோ கேட்டு வருபவர்களுக்கு நான் நீலக் குரோப்பரைக் காட்டுவேன். நியூ சவுத் வேல்ஸ் மாநில மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். உடம்பு முழுக்க மை கொட்டின நீலம். பிறக்கும்போது எல்லாம் பெண், பழுப்பு நிறம். கூட்டத்தின் ஆண் செத்துப்போனால் பெரிய பெண்ணொன்று ஆணாகி நீலமாகிவிடும். நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். ஒரு நாள் ஒன்று என் முகத்துக்கு எதிரே நின்று, பாறை இடுக்கிலிருந்து கடல்முள்ளி ஒன்றை உதட்டால் பிடுங்கி எடுத்தது. ஓட்டை நொறுக்கிய சத்தம், அப்பளம் கடித்த மாதிரி, எனக்கே கேட்டது. உடனே சின்ன மீன்கள் சிந்தின துகளுக்கு மொய்த்தன. தொடையில் முள் வாங்கியவன் என்ற முறையில் எனக்கு அதில் தனி திருப்தி.

அப்புறம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஓல்டு வைஃப். பிடித்தால் பல்லைக் கடித்துச் சத்தம் போடுமாம், அதனால் கிழவி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டாத பேச்சு. கோடை கடைசியில் வடக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம், பவளப்பாறைப் பகுதியின் மீன்குஞ்சுகளை இங்கே கொண்டுவந்து போடும். ஐந்து சென்ட் காசளவில் மஞ்சள் பட்டாம்பூச்சி மீன்கள். பெரும்பாலானவை அடுத்த குளிரைத் தாங்காது. மார்ச், ஏப்ரலில் அவற்றைப் பார்க்கும்போது கொஞ்சம் மனசு கனக்கும்.

சுறா இருக்காமே? நிஜமா சொல்லுங்க.

இருக்கிறது. அதைப் பார்க்கத்தானே வருகிறோம். வாபிகாங் என்று கம்பளி விரித்த மாதிரி ஒன்று, தாடியோடு பாறைக்கடியில் படுத்தே கிடக்கும். காலால் மிதித்தாலோ வாலை இழுத்தாலோ கடிக்கும், கடித்தால் லேசில் விடாது. மேலே மிதந்து பார்த்துவிட்டு நகருங்கள். குளிர்காலத்தில் போர்ட் ஜாக்சன் சுறா முட்டையிட வரும். முட்டை திருகாணி வடிவில் இருக்கும், பாறை இடுக்கில் திருகி வைத்த மாதிரி. கோடை கடைசி முதல் டஸ்கி வேலர் சுறாக் குட்டிகள், ஒரு மீட்டர் சுமார், மணல்மேல் கூட்டமாகச் சுற்றும். நம்மைக் கண்டால் அவைதான் ஒதுங்கும். இன்னொன்று, தண்ணீருக்குள் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் பார்த்தவர் கரைக்கு வந்து இரண்டு மீட்டர் என்று சத்தியம் செய்வார்.

நீங்கள் கேட்பது அதுவல்ல, பெரிய சுறா என்று தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. 2022 பிப்ரவரியில் சிட்னியின் தெற்கே லிட்டில் பேயில் ஒருவர் இறந்தார். சிட்னியில் அதற்கு முந்தைய மரணம் 1963-இல். 2025 செப்டம்பரில் வடக்கே டீ வை பக்கம் ஒரு சர்ஃபர் இறந்தார். அபூர்வம், ஆனால் பூஜ்யம் இல்லை. விடியுமுன், இருட்டியபின், மழைக்குப் பிந்தைய கலங்கல் தண்ணீரில் இறங்காதீர்கள். இந்த மூன்றையும் கடைப்பிடித்துவிட்டு, நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

சுறாவை விடுங்க, விஷ ஜந்து ஏதாவது?

எனக்கு உண்மையில் பயம் இதில்தான். நீலவளைய ஆக்டோபஸ். உள்ளங்கையில் அடங்கும். பாறைக் குட்டைகளில், காலிச் சங்குக்குள் இருக்கும். சீண்டினால் நீல வளையங்கள் மின்னும். கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது. பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம். மாற்று மருந்து இல்லை. மூச்சுத் தசை செயலிழக்கும். ஆனால் உதவி வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆள் பிழைத்துவிடலாம். கடித்த இடத்தை இறுக்கக் கட்டி அசையாமல் வைத்து, அவசர உதவி எண்ணான 000-க்கு அழையுங்கள். பிள்ளைகளைச் சங்கு பொறுக்க விடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

ஜெல்லிமீன் மாதிரிக் கொட்டும் புளூபாட்டில் அன்றாடத் தொல்லை. நீலப் பலூனும் நூலும். வடகிழக்குக் காற்றில் கரைக்கு வரும், அந்தக் காற்றுக்கு இது மூன்றாவது கெட்ட பெயர். மணலில் நீலப் பைகள் கிடந்தால் அன்றைக்கு விடுமுறை. பட்டுவிட்டால் நூலை எடுத்து, கடல்தண்ணீரால் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். வினிகர் வேண்டாம்.

ரெண்டு மீட்டர் கீழே போனாலே காது குத்துது. எனக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும்தான். பத்து மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும், அதில் முதல் சில மீட்டர்தான் காதுக்குக் கடினம். மாஸ்க்கின் மேலாக மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றை மூக்குக்குள் தள்ளுங்கள். டப் என்று திறக்கும். வலிக்கும் முன்பே, இறங்க இறங்கச் செய்துகொண்டே போக வேண்டும். திறக்கவில்லையா, மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்த அன்று முங்காதீர்கள். காதில் பஞ்சு, அடைப்பான் எதுவும் கூடாது.

மூச்சை நாலஞ்சு தடவை வேகமா இழுத்துவிட்டுப் போனா ரொம்ப நேரம் தாங்கும்னு தம்பி சொல்றான். சரியா?

தம்பியை என்னிடம் அனுப்புங்கள். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டால் அது வெளியே போய்விடும், பிராணவாயு ஒன்றும் பெரிதாகக் கூடாது. விளைவு, முட்டலே தெரியாமல் தண்ணீருக்குள் மயங்கி விழுவது. நன்றாக நீந்துகிறவர்கள்தான் இப்படிப் போகிறார்கள். சாதாரணமாக ஒரு மூச்சு, கீழே ஒரு பார்வை, மேலே வந்து நிதானமாக இரண்டு நிமிடம். ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும்.

ஸ்கூபா சான்றிதழ் இல்லாம ஒரு தடவை மட்டும் ட்ரை பண்ணலாமா?

பண்ணலாம். பயிற்றுநர் கூடவே வரும் அறிமுக முக்குளிப்பு உண்டு. பத்து வயதுக்கு மேல், 12 மீட்டருக்குள். இந்தக் குடாவே கிட்டத்தட்ட அந்த ஆழத்தோடு முடிந்துவிடுவதால் பொருத்தமான இடம். பிடித்துப்போனால் ஓப்பன் வாட்டர் படிப்பு. 18 மீட்டர் வரை அனுமதி. சான்றிதழ் தரும் பெரிய அமைப்பின் பெயர் PADI, அதைப் பேடி என்று உச்சரிப்பார்கள். நம் மொழியில் அதற்குக் கோழை என்று பொருள் இருப்பதால், கடலில் குதித்துவிட்டு ‘நான் இப்போ பேடி’ என்று சொல்லிக்கொள்ளும் பாக்கியம் நமக்கு மட்டும்தான்.

ஆஸ்துமா, காது அறுவை, இதயக் கோளாறு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை அடக்காதே. மேலே சொன்ன அழுத்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மேலே வர வர நுரையீரலில் இருக்கும் காற்று விரியும். அடக்கி வைத்தால் கிழிக்கும்.

படகே இல்லாம கரையிலேர்ந்து ஸ்கூபா போறது கஷ்டமில்லையா?

கஷ்டம் தண்ணீரில் இல்லை, மணலில். உருளை, ஈயக்கட்டி எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல். நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர்வரை அதைச் சுமப்பதுதான் உடற்பயிற்சி. உள்ளே போய்விட்டால் பாரமே இல்லை. வழியும் சுலபம்: போகும்போது பாறை உங்கள் வலது தோளில், வரும்போது இடது தோளில். காற்று பாதி தீருமுன் திரும்புங்கள். ஸ்நார்க்கெல் போட்டு மேலிருந்து அந்தப் பாறைகளை ஏற்கெனவே பார்த்திருந்தால் இதெல்லாம் பழகின தெருவாக இருக்கும். முதலில் ஐந்தாறு தடவை என்று சொன்னது அதற்காக.

ஞாயித்துக்கிழமை டைவ், திங்கள் காலை சென்னை ஃப்ளைட். பிரச்சினை இல்லையே?

ஸ்நார்க்கெல் என்றால் பிரச்சினை இல்லை. ஸ்கூபா என்றால் ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், அதற்குமேல் முக்குளித்திருந்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். ஒரு முழு நாள் விட்டுவிடுவதே என் வழக்கம். பெட்டி கட்டும் வேலையும் இருக்குமே.

அப்பா வந்திருக்கார், 68 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடறார். கிணத்துல நீந்தினவர், நான் வரேங்கிறார்.

கிணற்றில் நீந்தினவர்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. அதுதான் இதில் சிக்கலே. குளிர்ந்த தண்ணீரில் குப்புறக் கிடக்கும்போது கைகால் ரத்தம் நெஞ்சுக்கு ஏறி இதயத்துக்கு வேலை கூடும். குழாயில் மூச்சு இழுக்கவும் கூடுதல் முயற்சி வேண்டும். ஸ்நார்க்கெல் செய்யும்போது நடக்கும் மரணங்களில் வயதானவர்களும் இதய நோய் உள்ளவர்களும் கணிசம். சத்தமே இல்லாமல் நடந்துவிடும்.

முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை. அவர் சரி என்றால் பிப்ரவரி மாதிரி சூடான மாதம், முதலில் முக்கோணக் குளம், அப்புறம் நெஞ்சளவு தண்ணீர், வெட்சூட் கட்டாயம், பக்கத்தில் ஒருவர். பதினைந்து நிமிடம் போதும். இழுப்பு, இருமல், சோர்வு ஏதாவது தெரிந்தால் உடனே எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

மீனுக்கு இட்லி, பிரெட் போடலாமா?

வேண்டாம். கோயில் தெப்பக்குளத்தில் பொரி போட்ட கை சும்மா இருக்காதுதான். ஆனால் இங்கே அவற்றுக்குச் சாப்பாடு நிறைய இருக்கிறது, முள்ளி உடைத்த கதையைப் படித்தீர்களே.

உள்ளே ஏதாவது ஆச்சுன்னா கரையில இருக்கறவங்களுக்கு எப்படிச் சொல்றது?

தலைமேல் கையை வைத்தால் நலம். கையை உயர்த்தி ஆட்டினால் உதவி வேண்டும். இதனால்தான் மீனைப் பார்த்த குஷியில் கரைக்குக் கையாட்டாதீர்கள் என்கிறேன். தசை பிடித்தாலோ பயம் வந்தாலோ முதல் வேலை மல்லாந்து மிதப்பது. வெட்சூட் உங்களைத் தாங்கும். மூச்சு நிதானத்துக்கு வந்தபின் மெதுவாகக் கால் அடித்து மணல் பக்கம் வாருங்கள், பாறைப் பக்கம் ஏற முயலாதீர்கள். கரையில் ஒருவர் கைப்பேசியோடு இருக்கட்டும். எத்தனை மணிக்கு இறங்கினோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

கரையில வெள்ளையா, படகு மாதிரி, லேசா ஓடு ஓடா கிடக்கே, அது என்னது? தெர்மோகோலா?

உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். கணவாயின் உள்ளோடு. இங்கே இருப்பது பெரிய இனம், பாறை மாதிரியே தோலை மாற்றிக்கொண்டு எதிரே நின்றாலும் தெரியாது. குளிர்காலத்தில் இணை சேர்ந்து முட்டை வைத்துவிட்டு இறந்துபோகும். சதையை மீன்கள் தின்றுவிடும், ஓடு மட்டும் மிதந்து கரைக்கு வரும். செப்டம்பரில் வந்தால் நடைபாதைக்குக் கீழே வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். எடுத்துப் பாருங்கள், ஓரத்தில் மீன் கடித்த பல்தடம் இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.